உவர் பூத்த சுவர்

பெரியம்மா வீட்டு முன்னறைச் சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அதற்குள் விரலை விட்டு மெல்ல இழுத்தேன். தட்டளவு சீமெந்துப் பூச்சு அப்படியே கையோடு வந்துவிட்டது. அதன் முதுகில் பஞ்சுபோல வெள்ளை மா அப்பியிருந்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன்; உப்பு. பூச்சு விழுந்த இடத்தில் முருகைக்கல் வெளியே தெரிந்தது. அதன் மேல்தோலும் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்திருந்தது. உள்ளங்கையால் தடவினால் கல் மண்ணாக உதிர்ந்தது.

மன்னார்க் கரையில், வங்காலை புனித ஆனாள் ஆலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த வீடு. பெரியம்மாவின் தகப்பனார் காலத்தில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, திரும்பி, மறுபடியும் இடம்பெயர்ந்த ஊர் எங்களுடையது. கடைசியாகத் திரும்பி வந்தபோது, கையில் கிடைத்த காசில் சுவரின் கீழ்ப்பாதிக்குச் சீமெந்து பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சு அடிக்கடி உதிர்கிறது, சீமெந்து என்றால் உறுதியாக நிற்கும் என்று எல்லோரும் நம்பினோம். நானும் நம்பினேன். சில வருடங்களில் இப்படி ஆகிவிட்டது.

பார்க்க வந்த வயதான மேசன் சுவரில் கையை வைத்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "அக்கா, சுவருக்கு வேர்க்குது. வேர்க்கிற மேலுக்கு மழைக்கோட்டைப் போட்டு மூடிவிட்டால் என்ன செய்யும்? புழுங்கும். அதுதான் நடந்திருக்கு" என்றார்.

கொழும்பின் கோட்டையிலும் புதுச்சேரியின் பழைய தெருக்களிலும் காலியின் மதில்களுக்குள்ளும் பழைய கட்டடங்களை மீண்டும் குடியிருக்கத் தக்கதாக்கும் வேலை நடக்கிற இடமெல்லாம் பொறியியலாளர்கள் முதலில் தேடுவதும் இந்த வேர்வையைத்தான். தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே வெளியேறுகிறது, வெளியேறும்போது எதை விட்டுவிட்டுப் போகிறது? இது விளங்காமல் பழைய கட்டடம் ஒன்றில் கைவைத்தால், திருத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு அதை விரைவாகக் கொன்றுவிடுவோம்.

மண்குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுட்ட களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியே கசிந்து வெளிப்பக்கத்துக்கு வந்து ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் குடத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பழைய செங்கல்லும் மண்குடத்தின் இனம்தான். ஒரு வித்தியாசம்: குடத்துக்குத் தண்ணீர் மேலிருந்து வருகிறது, சுவருக்கு நிலத்திலிருந்து வருகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நுண்துளைகளின் வழியே நிலத்தடி ஈரம் சுவரில் ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் மயிர்த்துளை எழுகை என்று படித்தது இதைத்தான். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரம் தண்ணீர் ஏறும். ஆனால் ஏறிக்கொண்டிருக்கும்போதே சுவரின் மேற்பரப்பில் அது ஆவியாகிக்கொண்டும் இருப்பதால், பெரும்பாலான பழைய சுவர்களில் ஒரு மீற்றர் உயரத்துக்குள் இந்த வரவும் செலவும் சமப்பட்டு நின்றுவிடுகின்றன.

தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருந்த உப்பு போகாது. ஊருக்கு வெளியே தரவை என்னும் உவர்வெளியில் ஆண்டுதோறும் நாம் பார்ப்பது இதுவேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய தண்ணீர், வெயில் ஏற ஏற வற்றி, வெள்ளைப் பொருக்காகக் காய்ந்து கிடக்கும். பூநாரைகள் வந்து இறங்கும் அந்த வெளி 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் உலகளவில் முக்கியமான ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது, 4,839 ஹெக்டேயர். தரவையில் பெரிதாக நடப்பது பெரியம்மா வீட்டுச் சுவரில் சிறிதாக நடக்கிறது.

சிறிதென்றாலும் அதன் பலம் பெரிது. கரைந்திருந்த உப்பு, துளைக்குள்ளே படிகமாகும்போது நாலு பக்கமும் தள்ளுகிறது. கல்லைப் பிளக்கிற அளவுக்கு அந்த அழுத்தம் போகும். இன்னொரு விசேஷம் உண்டு: சாதாரண உப்புக்கு 75 வீதம் என்று ஒரு எல்லை இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் அதைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். மழைக்காலத்தில் சமையலறை உப்புப் போத்தல் கசகசப்பது இதனால்தான். கடற்கரை ஊரில் இரவில் ஈரப்பதன் அந்த எல்லைக்கு மேலே போகிறது. உச்சி வெயிலில், அதிலும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், கீழே இறங்குகிறது. அதாவது சுவருக்குள் இருக்கும் உப்பு இரவில் கரைந்து பகலில் உறைகிறது. நாளுக்கு ஒரு அடி என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு எத்தனை அடி!

பழைய ஆட்கள் இந்த அடியை யார் தாங்கவேண்டும் என்று தீர்மானித்து வைத்திருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சு கல்லைவிட மென்மையானது, துளைகள் கூடியது. ஈரம் பூச்சு வரைக்கும் வந்து அங்கே ஆவியாகும். உப்பு பூச்சிலேயே பூக்கும். உதிர்வது பூச்சு மட்டும்தான். கல்லுக்குச் சேதமில்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை கீழ்ப்பகுதியைச் சுரண்டிப் புதிதாகப் பூசினால் போதும். நாங்கள் குறை என்று நினைத்த அந்த உதிர்வுதான் அதன் வேலை.

சீமெந்துப் பூச்சு இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. அது இறுக்கமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் நின்றது இடுப்புக்கு வரும், பிறகு யன்னல் படிவரை வரும். உப்பு, பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவே தேங்கிப் படிகமாகும். கடைசியில் பூச்சு பாளமாக விழும்போது கல்லின் தோலையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீரைச் சுவரில் தெளித்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் அதைக் குடித்துவிடும். சீமெந்துச் சுவரில், அதிலும் மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் பூசியிருந்தால், உருண்டு வழியும். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

நகரங்களில் இதோடு இன்னொரு கேடு சேர்கிறது. தெருவுக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே ஊற்றுகிறார்கள். தெரு உயர்ந்துகொண்டே போகிறது, பழைய கட்டடம் அதே இடத்தில் நிற்கிறது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன கடைக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போகவேண்டும். மழைத்தண்ணீர் முழுவதும் அத்திவாரத்தைத் தேடி வருகிறது. இப்படிப்பட்ட கட்டடத்தில் முதல் வேலை சுவரில் இல்லை, நிலத்தில். சுற்றிவர மண்ணைக் கீழிறக்கி, சல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்டி, தண்ணீரை அப்பால் கொண்டுபோகவேண்டும். பூச்சுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் பாதியை மண்வேலைக்குச் செலவழிக்கச் சொன்னால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். ஆனாலும் அதுதான் சரி.

அடுத்தது சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுப்பது. அவசரப்படக்கூடாது, கல் பெயராமல் மெல்லக் கொத்தவேண்டும். பிறகு சுவரைப் பல மாதம் வெறுமனே காயவிடவேண்டும். உள்ளே ஊறிய உப்பை இழுத்தெடுக்க, உப்பில்லாத களிமண்ணையும் மணலையும் குழைத்தோ, கடதாசியைக் கூழாக்கியோ சுவரில் அப்புவார்கள். அதில் இருக்கும் ஈரம் சுவருக்குள் போய் உப்பைக் கரைத்து, காயும்போது அப்பியதற்குள் கொண்டுவந்துவிடும். காய்ந்ததும் பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி அப்புவார்கள். இதற்கு எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சரிவராது, அதுவே உவர். பெரியம்மா கூரைப் பீலியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைக் கொடுத்தார்.

சுண்ணாம்பின் கதையைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்லவேண்டும். சிப்பி, முருகைக்கல், சுண்ணக்கல் எல்லாமே வேதியியலில் கல்சியம் காபனேற்று. சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸில் சுடும்போது அதிலிருந்து காபனீரொட்சைட்டு பிரிந்து போகிறது. தூய 100 கிலோ கல்லில் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து, பொரிந்து, நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. சிப்பியாக இருந்தது ஒரு சுற்றுச் சுற்றிச் சுவரில் வந்து மறுபடி சிப்பியின் பொருளாகவே ஆகிவிடுகிறது. சூளையில் எரித்த விறகின் புகை திரும்புவதில்லை, உண்மைதான். ஆனால் கல்லிலிருந்து போனதில் பெரும்பங்கு திரும்புகிறது.

பனங்கட்டித் தண்ணீரும் கடுக்காய்ச் சாறும் சாந்தில் சேர்த்துக் குழைத்த வழக்கம் தமிழர் ஊர்கள் பலவற்றில் இருந்தது. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். சாந்து இழைவாக வரும். ஈரம் கூடிய இடங்களுக்குச் செங்கல் தூளைச் சேர்ப்பார்கள். சுட்ட களிமண் சுண்ணாம்போடு வினைபுரிந்து, தண்ணீருக்குள்ளும் இறுகும் தன்மையைத் தருகிறது.

இந்தக் கரையில் இதற்குச் சாட்சிகள் நிற்கின்றன. போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றி, 1696இல் திருத்திக் கட்டிய மன்னார்க் கோட்டை பாலத்தடியில் இன்றும் இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே அரிப்பில், முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை இருக்கிறது. அந்த மாளிகையை எல்லோரும் டொரிக் என்று சொல்வார்கள். சிப்பி சுட்ட சுண்ணாம்பு பூசி, பளிங்குபோல மினுங்கியது ஒரு காலம். இன்று செங்கல் தூண்களும் சுவர்த் துண்டுகளும்தான் மிச்சம். அதை உப்புக்காற்று மட்டும் வீழ்த்தவில்லை. அது நிற்கும் மண்மேட்டையே கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. கூரை போனபின் ஒருவரும் குடியிருக்காத கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்பதை அங்கே போய்ப் பார்க்கலாம். போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கும்.

குடியிருப்பு திரும்பிய கட்டடத்துக்கு என்ன நடக்கும் என்பதைப் பார்க்கக் கொழும்புக்குப் போகவேண்டும். கோட்டைப் பகுதியிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை, 1681க்கு முன்பே இருந்த கட்டடம். அரை மீற்றர் தடிப்பான சுவர்கள், இரண்டு முற்றங்களைச் சூழ்ந்த ஐந்து பகுதிகள், நீளமான விறாந்தைகள். ஒருகாலத்தில் பொலிஸ் நிலையமாக இருந்தது. 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் சேதமடைந்தது. நகர அபிவிருத்தி அதிகாரசபை அதைத் திருத்தி 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. அங்கே நண்பகலில் முற்றத்து விறாந்தையில் நின்றால் தெருவின் அனல் தெரியாது. தடித்த சுவர் வெயிலின் சூட்டை உறிஞ்சி, மெல்ல மெல்ல உள்ளே கடத்துகிறது. பகல் சூடு உள்பக்கத்துக்கு வந்துசேர இரவாகிவிடும். அந்த நேரத்தில் கதவு யன்னல்களைத் திறந்து வைத்தால் காற்று அதை அள்ளிக்கொண்டு போகும். குளிரூட்டி பூட்டுவதற்காக யன்னலை அடைத்துக் கண்ணாடி போடுகிறவர்கள் இந்தச் சுவரின் பாதி வேலையைப் பறித்துவிடுகிறார்கள்.

அந்த வைத்தியசாலையில் பணக்காரர்கள்தான் சாப்பிடுகிறார்கள், சாதாரண சனம் குடியிருக்கவில்லை என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான பேச்சு. அதனால்தான் புதுச்சேரியின் வைசியாள் வீதி எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். திண்ணையும் தாழ்வாரமும் நடுமுற்றமும் வைத்த தமிழர் வீடுகள் வரிசையாக உள்ள தெரு. 2000களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு, மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அந்த வீடுகளின் முகப்புகளையும் தாழ்வாரங்களையும் திருத்தியது. வீட்டுக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. அதே நகரத்தில், கடற்கரையில் நின்ற மேரி என்னும் பழைய நகரமன்றக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் கீழிருந்து வரும் ஈரத்தைத் தாங்கும். மேலிருந்து இறங்கும் தண்ணீரைத் தாங்காது. கூரையில் ஒழுக்கு என்றால் அது சாந்தைக் கழுவிக்கொண்டு சுவரின் வயிற்றுக்குள் இறங்கும். ஆகவே திருத்த வேலைக்குப் பணம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால், முழுவதையும் கூரைக்கும் பீலிக்கும் போடுங்கள்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன? மன்னார் நகரத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரு தொன் சீமெந்து செய்ய ஏறக்குறைய 600 முதல் 900 கிலோ காபனீரொட்சைட்டு காற்றில் கலக்கிறது. அதில் பாதிக்கு மேல் சூளைக்குள் சுண்ணக்கல்லே விடுவது. எந்த எரிபொருளை மாற்றினாலும் அது குறையாது. உலகம் முழுவதும் மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் 7, 8 வீதம் சீமெந்தினுடையது. 50 கிலோ மூட்டை 200 கொண்டு ஒரு வீடு கட்டினால் அது 10 தொன் சீமெந்து. கம்பியையும் கல்லையும் லொறியையும் சேர்க்காமலே 6 தொன்னுக்குக் குறையாத வாயு. பழைய சுவருக்கான செலவை நம் பாட்டன்மார் எப்போதோ செலுத்தி முடித்துவிட்டார்கள். இடித்தால் அது வீண். அதிலும் முருகைக்கல் இனிக் கிடைக்காது. கடலிலிருந்து தோண்டுவது சட்டப்படி தடை, தடை இருக்கவும் வேண்டும்; கரையைக் காப்பது அந்த முருகைக்கல் பார்கள்தான். பழைய வீட்டில் இருக்கும் கல்தான் கடைசிக் கல்.

இன்னொன்றும் உண்டு. பழைய நகர மையத்தில் சந்தை, பஸ் நிலையம், பள்ளிக்கூடம், கோயில் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. கடைக்கு மேல்மாடியில் பூட்டிக் கிடக்கும் இரண்டு அறையைத் திருத்தி ஒரு குடும்பம் குடியேறினால், நகருக்கு வெளியே காணி நிரப்பிக் கட்டும் ஒரு வீடு மிச்சம். அங்கிருந்து தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளும் மிச்சம்.

ஆனால் பழையதெல்லாம் சுண்ணாம்புக் கட்டடம் இல்லை. ஐம்பது அறுபது வருடத்துக் கொங்கிறீற்றுக் கட்டடங்களும் எங்கள் நகரங்களில் நிறைய. அவற்றின் நோய் வேறு. நல்ல கொங்கிறீற்று கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடல் மணலைக் கழுவாமல் குழைத்தாலோ, உப்புக்காற்று வெடிப்புக்குள் புகுந்தாலோ, குளோரைட்டு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். அது கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கிறது. வளையின் அடியில் நீளவாக்கில் ஒரு வெடிப்பும் அதில் மண்ணிறக் கறையும் தெரிந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். மேலாகச் சீமெந்தைத் தடவி மறைப்பது ஆபத்து. தளர்ந்த பகுதி முழுவதையும் கொத்தி, கம்பியைச் சுற்றிவர வெளியே எடுத்து, துருவைத் தேய்த்து நீக்கி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, நல்ல கலவையால் மூடவேண்டும். இங்கே சுண்ணாம்புக்கு வேலை இல்லை. எந்தச் சுவருக்கு எது என்று பார்த்துச் செய்கிறவர்தான் நல்ல மேசன்.

எந்தக் கட்டடமானாலும் கூரைதான் வெயிலுக்கு முகம் கொடுக்கிறது. எங்கள் அகலக்கோட்டில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணி மாதத்திலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சியில் நிற்கும். அப்போது சுவரில் விழும் வெயில் கொஞ்சம், கூரையில் விழுவதே எல்லாம். ஓட்டுக் கூரையில் ஓடுகளுக்கு நடுவே காற்றுப் போகும் இடைவெளி உண்டு. தகரத்தில் அது இல்லை. சூடேறிய தகரம் அடுப்புத் தட்டைப்போல மேலிருந்து தலையில் அனலை வீசும். வெறும் பான் அதைப் போக்காது. கூரைக்கு மேற்பக்கம் வெள்ளை அடிப்பது, கீழே பலகையோ பின்னிய பனையோலையோ வைத்துத் தட்டி அமைப்பது, முகட்டில் சூடான காற்று வெளியேற வழி விடுவது, இவை மூன்றும் சின்ன வேலைகள். பலனோ பெரிது. அஸ்பெஸ்ரஸ் சீற் உள்ள வீட்டில் மட்டும் கவனம். அதை வெட்டவும் துளைக்கவும் உடைக்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும். கழற்றவேண்டும் என்றால் நனைத்து, முழுச் சீற்றாக இறக்கவேண்டும்.

பெரியம்மா வீட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு வாங்கி வந்து, வளவில் குழி வெட்டி, நீற்றி, நனைந்த சாக்கால் மூடி வாரக்கணக்கில் வைத்திருந்தோம். மணல் ஆற்று மணல்தான் வேண்டும் என்று மேசன் பிடிவாதமாக நின்றார். அருவியாற்று மணலை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டார். மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு. ஒரு நடை பூசி, அது இறுகும்வரை தினமும் தண்ணீர் தெளித்து, பிறகு அடுத்த நடை. சீமெந்து என்றால் இரண்டு நாளில் முடியும் வேலை ஆறு வாரம் இழுத்தது. கூலி கூடத்தான். பெரியம்மாவின் மகன் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கோபித்துக்கொண்டார்.

முதல் வருடம் முடிவதற்குள்ளேயே சுவரின் அடியில் வெள்ளைப் பூ பூத்தது. எனக்குப் பகீர் என்றது. மேசன் வந்து பார்த்துவிட்டு, பூச்சைத் தட்டினார். உள்ளே கல் கிணீர் என்று உறுதியாகச் சத்தம் கொடுத்தது. ஈர்க்குக் கட்டையால் உப்பைக் கூட்டி ஒரு சிரட்டையில் அள்ளினார் பெரியம்மா. சிரட்டை நிறைந்துவிட்டது. "இவ்வளவும் கல்லுக்குள்ள இருந்ததா?" என்று கேட்டுக்கொண்டே வேலியோரத்தில் கொட்டப் போனார்.

"அக்கா, அங்கே கொட்டினால் மழையோடு திரும்பி வந்து ஏறும்" என்று மறித்தார் மேசன். சிரட்டையை வாங்கிக்கொண்டு நான் தரவைப் பக்கம் நடந்தேன்.